தண்டவாளத்தின் மேல் போட்ட நாற்காலிகள்

விழாவுக்குத் தலைமை தாங்கி, தம் பேச்சை எங்களையும் நெடுநேரம் தாங்க வைத்த தலைவர் அவர்களே! பச்சைக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு, அதை அசைக்கும் பொன்னான வேளைக்காகக் காத்திருக்கும் ரயில்வே பெரிய அதிகாரி அவர்களே! கையில் பூச்செண்டும் முகத்தில் கவலையுமாக மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களே! முன்வரிசைச் சோபாவில் சாய்ந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்துகொண்டிருக்கும் பொதுமக்களே! எல்லோருக்கும் மேலாக, "சும்மா வந்து உக்காருங்கம்மா, கூட்டம் நெறஞ்ச மாதிரி இருக்கட்டும்" என்று அழைக்கப்பட்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் பயணிகள் சங்கத்தின் சார்பில் இந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனின் மாலை வணக்கம்.

எனக்கு இட்ட பணி நன்றியுரை. இந்தப் புதிய ரயில் நிலையத்துக்கும், இதோ அலங்காரத்தோடு நிற்கும் புதிய விரைவு ரயிலுக்கும் ஊர் சார்பில் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். வஞ்சகம் இல்லாமல் சொல்கிறேன்.

வளர்ந்திருக்கிறது நம் ரயில்வே என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் வாய் வலிக்கச் சொன்னார்கள். யார் இல்லையென்றது? முகப்பு வளர்ந்திருக்கிறது. முகப்பைத் தாங்கும் தூண் வளர்ந்திருக்கிறது. தூணில் பதித்த கல்வெட்டில் பெயர்கள் வளர்ந்து, வளர்ந்து, தரையைத் தொட்டுவிட்டன! குடிநீர்க் குழாய்க்கு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். வெட்டிய பிறகுதான் தண்ணீர் வருமாம். அதுவரை தாகம் பொறுத்திருக்க வேண்டுமாம். கழிப்பறைக்கோ பளபளக்கும் பளிங்கு, பளிங்குக்குக் காவலாகப் பெரிய பூட்டு. ஏம்மா பூட்டியிருக்கிறீர்கள் என்று துப்புரவு செய்யும் அம்மாவைக் கேட்டேன். "தொறந்தா ஜனங்க உள்ள போயிடுவாங்களே சார்! ஐயா வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார். கழிப்பறை கட்டுவது பார்ப்பதற்கு என்று எனக்கு இன்றுதான் தெரியும். கண்ணாடி விற்பவன், எனக்கே தெரியவில்லை, பாருங்கள்!

நான் வளர்ச்சிக்கு எதிரியா? இல்லை. கரி எஞ்சின் ஓடிய காலத்தில் சட்டைக் காலரில் கரியோடு பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த எஞ்சின் போய் மின்சார எஞ்சின் வந்தபோது கைதட்டியவன் நான். இது அரசாங்க ரயில். கூலிக்குப் போகிறவனும் துணிந்து ஏறக்கூடிய ரயில். நம்முடைய ரயில். அதனால்தான் வயிறு எரிகிறது!

ஒன்று கேட்கிறேன், தாய்மார்களே. நீங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? நாற்காலி மேலா? நாற்காலிக்குக் கீழே சிவப்புக் கம்பளம். கம்பளத்தைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பலகை. பலகைக்குக் கீழே? தண்டவாளம்!

சிரிக்காதீர்கள். நம் நிலையத்துக்கு இருப்பதே இரண்டு லைன். முதல் லைனில் மாலை போட்ட மாப்பிள்ளையாய்ப் புது ரயில். இரண்டாவது லைனில் நாம்! அப்படியானால் நாள்தோறும் நம் பிள்ளைகளை வேலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் பாசஞ்சர் ரயில் எங்கே?

அதோ! கேட்டதா அந்த ஹாரன்? ஊருக்கு வெளியே, அவுட்டர் சிக்னலில், உள்ளே வர இடமில்லாமல் நின்று கூவுகிறது. நாற்காலி போடும்போதே மாஸ்டரைக் கேட்டேன். "லைன் மேல சேர் போட்டா பாசஞ்சர் எங்க சார் வரும்?" "விழா முடிஞ்சதும் வரும் சார்." "விழா எப்ப முடியும்?" "அது பேசறவங்க கையில இருக்கு சார்."

என்ன தம்பி? "நீங்களும்தானே பேசிக்கிட்டு இருக்கீங்க" என்கிறாயா? நெத்தியடி! ஆனால் நான் நன்றி சொல்லாமல் விழா முடியாது. விழா முடியாமல் கொடி அசையாது. கொடி அசையாமல் நாற்காலி நகராது. அப்படித்தான் நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருக்கிறார்கள்.

மன்னிக்கவும், என் செல்போன் அடிக்கிறது. மகள். அந்த ரயிலில்தான் இருக்கிறாள். பெரியவர்கள் காதிலும் விழட்டும், மைக் பக்கத்திலேயே வைக்கிறேன். சொல்லும்மா.

"அப்பா, எங்க தையல் கம்பெனி அக்கா ஒருத்தங்களுக்குப் பிரசவ வலி வந்துடுச்சுப்பா. துடிக்கறாங்க. எறக்கிக் கூட்டிட்டு வரலாம்னா ரெண்டு பக்கமும் பள்ளம், முள்ளு. ஆம்புலன்ஸ் ஸ்டேஷனுக்குத்தான் வருமாம். நீங்க எல்லாம் எப்பப்பா பேசி முடிப்பீங்க?"

கேட்டீர்களா? எங்கள் வளர்ச்சிக்குக் கிடைத்த பாராட்டுரையைக் கேட்டீர்களா? யாரம்மா அங்கே எழுந்து நிற்பது? என்னம்மா சொல்கிறீர்கள்? "அது என் பொண்ணுங்க, மாசமா இருக்கா"... ஐயோ, தாயே!

அதிகாரி அவர்கள் எழுந்துவிட்டார். கொடியை அசைத்துப் புது ரயிலை அனுப்பிவிடலாம், முதல் லைன் காலியாகும் என்கிறார். அசையுங்கள் ஐயா! ஆனால் அது எந்தப் பக்கம் போகும்? பாசஞ்சர் நிற்கிறதே, அதே ஒற்றைப் பாதையில்தானே போக வேண்டும்? அது உள்ளே வராமல் இது வெளியே போக முடியாது. அது உள்ளே வர நாம் எழாமல் முடியாது. இத்தனை கூட்டம் கூட்டி, இத்தனை திட்டம் தீட்டி, கொடியசைத்தாலும் கிளம்ப முடியாத ரயிலுக்கு மாலை போட்டிருக்கிறோம்! மாஸ்டர், பூச்செண்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளாதீர்கள். கீழே வையுங்கள் அதை. ஓடுங்கள் உங்கள் அறைக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். லைன் காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகு சிக்னல் கொடுங்கள்.

எழுந்திருங்கள், தாய்மார்களே! கூட்டம் காட்ட உங்களை உட்கார வைத்தார்கள். கூட்டம் என்றால் என்னவென்று எழுந்து காட்டுங்கள்! ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்குங்கள். தம்பிகளே, கம்பளத்தைச் சுருட்டுங்கள். சோபாவில் இருக்கும் பெரியோர்களே, அதற்கும் கீழே தண்டவாளம்தான், எழுந்திருங்கள்! அந்த அம்மாவின் கையிலிருந்து நாற்காலியை யாராவது வாங்குங்களேன். அதிகாரி அவர்களே, கேமராக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். பலகையின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன், மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். கனக்கிறதா? கனக்கட்டும்! ரயில்வேயை வளர்ப்பது இப்படித்தான் கனக்கும்!

எல்லோரும் பிளாட்பாரத்தில் ஏறிவிட்டீர்களா? குழந்தைகள் ஏறிவிட்டார்களா? விளிம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள். லைன் காலி.

அதோ, ஹாரன். இது கூப்பிடும் ஹாரன் இல்லை, வருகிற ஹாரன். அம்மா, ஆம்புலன்ஸும் வாசலுக்கு வந்துவிட்டது. நீங்கள் முன்னால் வாருங்கள். உங்கள் மகள் இறங்கும்போது அவள் கண்ணில் முதலில் படுவது உங்கள் முகமாக இருக்கட்டும்.

நாற்காலி தூக்கிய கைகளுக்கு நன்றி. என் நன்றியுரை அவ்வளவுதான். வழி விடுங்கள், ரயில் வருகிறது. வணக்கம்.