ஒத்திகை அறிவித்த நாள்

யார் செய்தது என்று கேளுங்கள், மேடம். இந்த விசாரணை அறையில் அப்படிக் கேட்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் நானும் அதையேதான் சொல்கிறேன். ‘யார்’ என்று கேட்டால் ஆள் பயந்து மறைப்பான், ‘எப்படி நடந்தது’ என்று கேட்டால் மனம் விட்டுப் பேசுவான். நல்ல பாடம். இருந்தாலும் கேளுங்கள். டீயைக் குடித்துவிட்டே கேளுங்கள், அவசரமில்லை. இந்த மெஷின் டீ ஆறிப்போனால் வாயில் வைக்க முடியாது.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். பதிவுக்காகச் சொல்கிறேன். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளைக் கீழ்த்தளத்தில் எடுப்பார்கள். அழைத்தவருக்குப் பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்து அனுப்புவது எங்கள் மென்பொருள். அது நின்றுபோனால் மேல்தளத்தில் மணி அடிக்கும். உடனே ஷிஃப்ட் லீடர் மாற்று சர்வருக்கு மாற்ற வேண்டும். ஒரு நிமிட வேலை. பழுது எங்கே, ஏன் என்பதையெல்லாம் அப்புறம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இரண்டு தளங்களுக்கும் பயிற்சியாளர். மாதம் ஒரு தடவை மேல்தளத்தில் ஒத்திகை நடத்துவேன். பொய்யாக மணியை அடிக்க வைத்து, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். எந்த நாள் என்பதை முன்கூட்டியே அறிவிப்பேன், நேரத்தைச் சொல்ல மாட்டேன். லீடருக்கு ஒத்திகை என்றாலே சிரிப்பு. மணி அடித்தால் முதலில் மணியை அமர்த்துவார். அடுத்து எனக்கு போன். “என்ன டீச்சரம்மா, இது உங்க நாடகந்தானே?”

பதில் சொல்லாமல் விட எனக்கு வழியில்லை. மேனேஜர் உத்தரவு அப்படி. “பசங்களப் பதற வைக்காதம்மா. வேலை கெடுது. கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போ.”

நான் டீச்சராக வரவில்லை, மேடம். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போட்டு என்னைப் படிக்க வைத்தார். இன்ஜினியராகத்தான் சேர்ந்தேன். சேர்ந்த மறுவாரமே நான் தெளிவாகப் பேசுகிறேன், எனக்குப் பொறுமை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பொறுமை இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மா மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். “கம்ப்யூட்டர் படிச்சிட்டு எதுக்குடி வாத்தியார் வேலை பாக்குற? அதுக்கா நான் கை சுட்டுக்கிட்டேன்?”

அதனால் ஷிஃப்ட் அணிக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தேன். நேர்காணலில் நடுநாற்காலி லீடருக்கு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மணி அடித்தால் என்ன செய்வீர்கள்? மாற்று சர்வருக்கு மாற்றிவிட்டு அப்புறம் விசாரிப்பேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “இதெல்லாம் புஸ்தகப் பதில், டீச்சரம்மா. முதல்ல அது நெசமான்னு பாக்கணும். அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல?”

எனக்கு இடம் கிடைக்கவில்லை. சரியான பதிலுக்குத் தோல்வி போட்டார்கள். எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் நான் செய்ததைக் கோபத்தில் செய்யவில்லை. கோபத்தில் செய்பவர்களுக்குக் கை நடுங்கும்.

ஒத்திகை அறிவித்திருந்த நாள் அது. மதியச் சாப்பாடு முடிந்து என் மேசைக்கு வந்து, ஹெட்செட்டை மாட்டிக் கீழ்த்தள அழைப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடத்துக்குப் பயன்படும் என்று அப்படிக் கேட்பது வழக்கம். மணி அடித்தது. என் திரையைப் பார்த்தேன். ஒத்திகையை நான் இன்னும் தொடங்கவே இல்லை.

போன் வந்தது. “டீச்சரம்மா, சாப்பிட்டு ஒரு வாய் வெத்தலை போடக்கூட விட மாட்டீங்களா? உங்க நாடகந்தானே?”

“ஆமா” என்றேன்.

“அப்ப நான் டீ குடிச்சிட்டு வரேன். நல்லா மார்க் போடுங்க.”

அவ்வளவுதான் நடந்தது. நான் எதையும் உடைக்கவில்லை, எந்த நிரலையும் தொடவில்லை. ஒருவர் தன் கொள்கைப்படி நடக்க விரும்பினார். நான் குறுக்கே நிற்கவில்லை.

ஹெட்செட்டில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். “அவருக்கு மூச்சு வாங்குதுங்க. உதடெல்லாம் நீலமாயிருச்சு. வண்டி கெளம்பிருச்சா?” கீழே அழைப்பை எடுத்த பிள்ளைக்குத் திரையில் ‘அனுப்பப்படுகிறது’ என்றுதான் தெரியும். “வந்துகிட்டே இருக்கும்மா, லைன்லயே இருங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குரலில் நிதானம் இருந்தது. என் மாணவிதான்.

என் கணினியிலிருந்து மாற்று சர்வருக்கு மாற்ற முடியாது. அந்த அதிகாரத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தேன். லீடரின் அறை பக்கத்து அறை, கதவு திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் அங்கிருந்த ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேரில் யாராவது மாற்றியிருப்பார்கள். அதையும் யோசித்தேன். யோசித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கணவரிடம் பேச ஆரம்பித்தார். “இதோ வந்துட்டாங்க. இதோ சத்தம் கேக்குது பாருங்க. வந்துட்டாங்க.” எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று மூன்று அழைப்புகள் தேங்கின. இரண்டு பேர் பிழைத்துக்கொண்டார்கள்.

லீடர் டீக் கோப்பையோடு திரும்பி வந்தார். கீழ்த்தளத்து ஆள் மூச்சிரைக்கப் படியேறி வந்து கத்தினார். அப்புறம் லீடர் ஓடியதை நான் பார்த்தேன். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று நினைத்ததில்லை.

முதல் விசாரணை இந்த அறையில்தான் நடந்தது. யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படி என்று கேட்டார்கள். ஒத்திகை மணிக்கும் நிஜ மணிக்கும் ஓசையில் வேறுபாடு இல்லை, அதுதான் குறை என்று முடிவு செய்தார்கள். பயிற்சியை அதிகப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். பயிற்சிப் பிரிவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். அம்மா சலவைக் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

லீடரை வேலையிலிருந்து நீக்கவில்லை. அவராகவே வராமல் நின்றுவிட்டார். அதற்கு முன்னால் ஒரு நாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நான் உங்களக் கேட்டேன்ல, டீச்சரம்மா? நீங்க ஆமான்னு சொன்னீங்கல்ல?”

நான் பொறுமையாக விளக்கினேன். அதிர்ச்சிக்குப் பிறகு மனிதர்களுக்கு நடக்காத பேச்செல்லாம் நடந்ததுபோல நினைவிருக்கும். பழைய ஒத்திகைகளில் நான் சொன்ன ‘ஆமா’ அன்றைக்குச் சொன்னதாக மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். குற்றவுணர்ச்சி அதற்குத் துணை போகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மூன்றாவது பாடத்திலேயே இருக்கிறது என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் தலையாட்டினார்.

“அப்ப எனக்குத்தான் பிசகிருச்சு போல.”

இரண்டு வருடங்களில் என் பாடம் ஒன்றை அவர் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

போன மாதம் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வராமலே நின்றார். “போன் அடிச்சா எடுத்து, ‘இது நெசமா’ன்னு கேக்குறாருக்கா. எங்க அம்மா பேசினாலும் அதான். சின்னது ஸ்கூல்ல விழுந்துட்டான்னு டீச்சர் பேசினாங்க, அதுக்கும் நெசமான்னு கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாரு. அன்னைக்கு அவரு உங்களக் கேட்டாரா இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க. கேட்டாருன்னு தெரிஞ்சாப் போதும், மனுசன் எந்திரிச்சிருவாரு.”

நல்ல மனநல மருத்துவர் ஒருவருடைய எண்ணைக் கொடுத்து அனுப்பினேன்.

லீடரின் மனைவி மனு போட்டதால்தான் நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். நேற்று உங்கள் முடிவுரையைக் காட்டினீர்கள். ‘ஷிஃப்ட் லீடரின் நினைவுப் பிழை.’ கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடிவிடும், அடுத்த மாதத்திலிருந்து அது பாடமாகவும் ஆகிவிடும். இரவெல்லாம் அதுதான் என்னை உறுத்தியது. அந்த மனிதருக்கு நினைவில் பிழையே இல்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். தப்பான பாடத்தை நான் நடத்த மாட்டேன். எனக்கு மனசாட்சி இருக்கிறது.

அதனால் யார் என்று கேளுங்கள். நீங்கள் கேட்கப்போவதில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்ற விதி, வேண்டுமென்று செய்ததைக் காப்பாற்றாது. அதுவும் நான் நடத்துகிற பாடம்தான். காவல்துறைக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள், நான் எங்கும் ஓடவில்லை. எதிர் அறையில்தான் இருப்பேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் குரல்பதிவை நான் ஒவ்வொரு வகுப்பிலும் போடுவேன். பிள்ளைகள் அழுவார்கள். அழாதவர்களை நான் தேர்ச்சி பெற விடுவதில்லை. இதுவரை முன்பகுதியை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். லீடர் என்னைக் கேட்டதும் நான் சொன்னதும் அதில் இருக்கிறது. என் மேசையில் ஹெட்செட்டும் போனும் ஒரே பதிவில்தான் விழும், இதுவரை யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. இன்று வெட்டாமல் போடப்போகிறேன். காலையிலேயே முடிவு செய்தாயிற்று, நீங்கள் என்ன சொன்னாலும் அதில் மாற்றமில்லை. கதவிலிருந்து கையை எடுங்கள் மேடம், திறக்கிறேன்.

வேண்டுமானால் கடைசி வரிசையில் வந்து உட்காருங்கள். எந்தப் பிள்ளை முதலில் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் முழு மதிப்பெண்.