ஆடி மாதத்தில் ஆயுத பூஜை

எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதச் சாயங்காலம். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர் காக்கிச் சட்டை போட்ட ஃபிட்டர். அவள் கழுத்தில் சிலுவை. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில், செய்து முடித்த பீஸ்களில் பழுது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து செக் பண்ணுகிறவள் என்று பேச்சில் தெரிந்தது. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஆயுத பூஜை பொரி, அண்ணாத்தே."

"ஆடி மாசத்துல இன்னா ஆயுத பூஜை?"

"எங்க கம்பெனில இனிமே மாசாமாசம் உண்டு. போன வருசம் பூஜை முடிஞ்சு ஒரு மாசம் எங்க பீஸ் ஒண்ணுகூட பழுதுன்னு திரும்பி வரல. சாமி சக்தின்னு மேனேஜர் நம்பிகினு கீறாரு."

"நீ இன்னா சொல்ற?"

"பூஜைக்காக ஷெட்டு பூரா கழுவுனாங்க. மேல கீற ஜன்னல் கண்ணாடி, டியூப் லைட்டு எல்லாத்தையும் தொடச்சாங்க. எனக்குக் கண்ணு நல்லா தெரிஞ்சுது. அவ்ளோதான்."

"அதையே மாசாமாசம் தொடைக்கச் சொல்ல வேண்டிதானே?"

"தொடைக்கிற ஆளுங்களை வெட்டிச் செலவுன்னு நிறுத்திட்டாரே. இப்ப மறுபடியும் பீஸ் திரும்பி வருது. நான் சரியா பாக்கலன்னு எனக்கு மெமோ."

ஆவடியில் வண்டி நின்று கிளம்பியது. அவர் பொரியை மென்றுகொண்டே யோசித்தார்.

"ஏணி கீதில்ல? நீயே ஏறித் தொடச்சுடும்மா."

"இன்னிக்கு அதுக்குத்தான் போனேன். ஏணிக்கு சந்தனப் பொட்டு வச்சு சாமி முன்னாடி சாத்திட்டாங்க. யாரும் தொடக் கூடாதாம்."