ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்

ஆய்வாளர் ஐயா, இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எனக்கு வயது ஐம்பத்துமூன்று. தஞ்சாவூரில் டாக்டர் தமிழ்மாறனின் மருத்துவமனையில், மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையில், கட்டிகளில் ஊசி குத்தி எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, சாதாரணக் கட்டியா புற்றா என்று சொல்லும் மருத்துவர். பெயரைக் கடைசியில் எழுதுகிறேன்.

சென்ற சம்பா நடவு முடிந்த சமயம், நீடாமங்கலத்து விவசாயி குணசேகரன் வலது தொடையில் எலுமிச்சை அளவுக் கட்டியுடன் மனைவி மாலதியோடு வந்தார். "சேத்துல நின்ன காலுங்க, ஊசி வளைஞ்சிடப் போவுது" என்று சிரித்தார். குத்தினேன். அதன் பிறகு கண்ணாடித் தகட்டில் பார்த்தபோது ரத்தமும் கொஞ்சம் கொழுப்புச் செல்களும் மட்டுமே இருந்தன. கட்டியின் உட்பகுதி ஊசியில் வரவில்லை. கட்டி ஆழத்தில் அசையாமல் இருந்ததால் எனக்குச் சந்தேகம். அதன் பிறகு தமிழ்மாறன் தொலைபேசியில் கேட்க, "ஒன்னும் தெரியல, திரும்பக் குத்தணும்" என்றேன். அதன் பிறகு அவர் என் அறிக்கைக்குக் காத்திராமல், "ஊசி டாக்டர் ஒன்னும் இல்லைன்னுட்டார், வெறும் கொழுப்புக் கட்டிதான்" என்று அவர்களிடம் கூறி, அதை அறுத்தெடுத்து, சோதனைக்கும் அனுப்பாமல் எறிந்துவிட்டார்.

அடுத்த குறுவைக்குள் அதே இடத்தில் முன்னிலும் பெரிதாக வந்தது. அதன் பிறகு வெளியூரில் சதைப் புற்று என்று கண்டு காலையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மாலதி என் அறைக்கு வந்தார். கத்தவில்லை. கணவரின் வலது செருப்பை நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்து, "நீங்கதான் சொன்னீங்களாமே, ஒன்னும் இல்லைன்னு?" என்றார்.

அதன் பிறகு தமிழ்மாறனிடம் போனேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். "தெரியல, இல்ல, ரெண்டும் ஒன்னுதான் மச்சான். நான் மாட்டுனா ஆஸ்பத்திரியே போயிடும். ஊசி குத்துனவன் மூஞ்சி எந்தப் பேஷண்டுக்குடா ஞாபகம் இருக்கும்?" என்றார். அதன் பிறகு மாலதியின் புகாரை விசாரிக்கும் தங்கள் காவல் நிலையத்தில், 'ஒன்றும் இல்லை' என நான் கூறியதாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இருபத்தைந்து வருடமாக நான் பிழைப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

மேலே உள்ளவை நடந்தவை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பெயரைக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். தமிழ்மாறன் எழுதிக்கொடுத்ததில், நான் சொல்லாத வார்த்தைக்குப் பக்கத்தில் அது ஏற்கெனவே தங்களிடம் இருக்கிறது. அந்தத் தொலைபேசியில் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கையெழுத்திட்டுவிட்டார், மற்றவர் யாரென்று கண்டுபிடிக்க ஊசி குத்த வேண்டியதில்லை. இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.