பூட்டு என்னுது, சம்மதம் மாமியாருது

...அதைத்தான் சார் சொல்றேன், என் வீட்டுக் கதவே என்னை யாருன்னு கேக்குது! விரல வச்சா சிவப்பு விளக்கு எரியுது. அஞ்சு விரலையும் வச்சுப் பாத்தாச்சு. கால் கட்டை விரலைக்கூட... சிரிக்காதீங்க சார்.

எதிர்வீட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்க, மொத தடவ பாக்கறப்பவே மேல டையும் கீழ துண்டுமா நிக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. குப்பையப் போட வெளிய வந்தேன், சாத்திக்கிச்சு. போன் மட்டும்தான் கையில. அந்தப் பெட்டியக் கீழ வைங்க சார், கை வலிக்கும்.

இந்தப் பூட்டுக்குள்ள பிஸ்கட் சைஸ்ல ஒரு சர்க்யூட் போர்டு இருக்கு. அதுக்குப் புரோகிராம் எழுதினவனே நான்தான்! இருந்த நல்ல வேலைய விட்டுட்டு எழுதினேன். ஓப்பன் சோர்ஸ். அப்படின்னா... ஒளிவு மறைவே கிடையாது, யார் வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம். உலகம் பூரா எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் கோழிக்கூண்டுல மாட்டியிருக்காரு. அவரு கோழி ஜம்முனு உள்ள போகுது, வெளிய வருது. நான் இங்க நிக்கறேன்!

நேத்து அதுல ஒரு சின்ன மாத்தம் பண்ணேன். கோழிக்காரர்தான் சரிபாத்தாரு. 'சூப்பர்'னு ஒரே வார்த்தை, முடிஞ்சுது கதை. தப்பு எங்கன்னு இப்ப போன்லயே கண்டுபிடிச்சுத் திருத்தியும் வச்சுட்டேன். ஆனா எங்க குழுவுல ஒரு சட்டம் சார்... எழுதினவன் தானே அதப் பூட்டுல ஏத்திக்க முடியாது, இன்னொருத்தர் சம்மதிக்கணும். கோழிக்காரர் ஊர்ல இப்ப நடுராத்திரி. மிச்சம் இருக்கறது ஒரே ஆளு.

யாரா? என் மாமியார்! கணக்கு டீச்சரா இருந்தவங்க. பொழுதே போகல போகலன்னாங்களேன்னு நான்தான் குழுவுல சேத்துவிட்டேன். சொந்தக் காசுல சூனியம்! எங்க இருக்காங்களா? இதோ, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்!

உள்ளேருந்து திறக்கலாமேங்கறீங்க. உள்பக்கம் கைப்பிடி இருந்துச்சு சார்... பாக்க நல்லா இல்லன்னு நான்தான் கழட்டினேன். அத விடுங்க.

அத்தே! சம்மதம் குடுங்கத்தே!

கேட்டீங்களா? 'ஸ்டெப் எழுதாம விடை எழுதினா மார்க் கிடையாது மாப்ள!' ஏன் மாத்தினேன்னு விளக்கம் எழுதணுமாம். இப்ப ஒரு கம்பெனிக்காரங்க வேற வீடியோவுல வர்றாங்க சார், இந்தப் பூட்டப் பாத்துட்டு எனக்கு வேலை குடுக்க... அய்யய்யோ, உள்ள லேப்டாப்புல மணி அடிக்குது! அத்தையே எடுத்துட்டாங்க! என்ன சொல்றாங்க... 'அவர் எழுதுவாரு, தப்பில்லாம பாத்துக்கறது நான்'! கம்பெனிக்காரங்க சிரிக்கறாங்க சார்!

இருங்க, எழுதிடறேன்... இது முதல் ஸ்டெப்... இது ரெண்டாவது... இந்தாங்கத்தே, போதுமா?

சம்மதம் குடுத்துட்டாங்க! இதோ விரல வச்சேன்... பச்சை! திறந்துருச்சு! பாத்தீங்களா சார், பலபேர் சேந்து வேலை செஞ்சா இதான்... இருங்க, இந்தப் பச்சை விளக்கு பத்திச் சொல்லியே ஆகணும். நீலமா பச்சையான்னு குழுவுல ஒரு வருஷம் சண்டை...

என்னத்தே? இவரையா? 'தம்பி, என் முகம் இருட்டா தெரியுதாம், எப்ப வேலைக்குச் சேருவீங்கன்னு என்னைக் கேக்கறாங்க, இந்த விளக்கக் கொஞ்சம் பிடிங்க'ன்னு... சார், எங்க சார் உள்ள ஓடறீங்க! நான் இன்னும் முடிக்கல!

சாத்திக்கிச்சு.

விரல வச்சா இப்ப திறக்கும் சார், திறக்கும்... ஆனா கம்பெனிக்காரங்க பாக்கற கேமரா நேரா வாசலப் பாத்துல்ல இருக்கு. துண்டோட எப்படி...

சார், அதுவரைக்கும் உங்க வீட்டுல இருந்துக்கறேன், உங்க சாவிய மட்டும் இந்தக் கதவுக்கு அடியில தள்ளுங்க. உங்களுது சாதாப் பூட்டுதானே?