ஒரு பஸ் நீளம் தள்ளி

ஓய்வு பெற்றவனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது வெளியே போக ஓர் இடம் இருக்க வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் வீட்டில் அவனைக் குக்கர் விசில் எண்ண உட்கார வைத்துவிடுவார்கள். நான் கார்ப் பந்தயத் தடத்துக்குப் போனேன். பந்தயமெல்லாம் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீரச் சுற்றலாம், அவ்வளவுதான். நான் முதல் நாள் ஓட்டியதில் அங்கிருந்த காக்கைகள் எல்லாம் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டதாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

இந்தச் சந்தோஷத்தைச் சம்பந்தியிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. மருமகளின் அப்பா, பல் டாக்டர். அடுத்த வாரமே புது ஹெல்மெட்டோடு வந்து நின்றார். சீக்கிரமே என்னைவிட வேகமாகச் சுற்றினார். அடுத்தவர் வாய்க்குள் கை நடுங்காமல் வேலை செய்தவர், ஸ்டியரிங்கையும் அப்படித்தான் பிடித்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. என் மகன் என் காரை விட்டு அவர் காருக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தான். அதிலும் வருத்தமில்லை. “அப்பா, மாமா ஓட்டறதப் பாத்தாவது கத்துக்கோங்களேன்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பல நாள் தாடையில் வலித்தது. பல் டாக்டரிடம் காட்டவில்லை.

தடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு காரிலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு பதிவுப் பெட்டி இருக்கும். எங்கே எவ்வளவு வேகம், எங்கே பிரேக், எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். சுற்றி வந்ததும் லேப்டாப்பில் இருவர் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம். நீலம் நான், சிவப்பு அவர். கோடு சரிகிற இடம்தான் பிரேக் மிதித்த இடம். எவ்வளவு தள்ளிப் போய் மிதிக்கிறோமோ அவ்வளவு நேரம் மிச்சம். லேப்டாப் என் பொறுப்பு. நான் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடைக்குள் நான் நுழைந்தால் தர்ப்பூசணிகூட மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். அளவு விஷயத்தில் என்னை யார் சந்தேகப்படுவார்கள்?

நேர்ப்பாதை முடிகிற இடத்தில், சுவரை ஒட்டி ஒரு வளைவு. அங்கே மட்டும் அவர் எனக்கு முன்னாலேயே பிரேக் போட்டுவிடுவார். அந்த ஒரே இடத்தில்தான் நான் உசத்தி. ஒரு நாள் அதையும் கேட்டார்.

“சம்பந்தி, அங்க நீங்க எங்க மிதிக்கறீங்க? காட்டுங்களேன்.”

அந்த வளைவை மட்டும் பெரிதாக்கி, என் கோட்டை ஒரு பஸ் நீளம் தள்ளி நகர்த்திக் காட்டினேன். விளையாட்டுக்குத்தான். கார் புல்லில் இறங்கும், முகம் சுருங்கி வருவார், என் மகன் பார்ப்பான் என்று நினைத்தேன்.

அவர் புல்லில் இறங்கவில்லை. நான் ஒருநாளும் மிதித்திராத இடத்தில் மிதித்து, அலுங்காமல் திரும்பிப் போனார். என் பொய்யை நிஜமாக்கிவிட்டார். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எல்லாம் நீங்கள் காட்டிய வழி என்றார். மகன் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். எனக்கும் தாகமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கோட்டை இன்னும் மூன்று பஸ் நீளம் நகர்த்தினேன். அங்கே போய் மிதித்தால் எந்தக் காரும் நிற்காது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினேன். காக்கை, தர்ப்பூசணி எல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ்வளவு தள்ளியா? நிக்குமா சம்பந்தி?”

“எனக்கு நிக்குதே. பயமா இருந்தா விட்டுடுங்க.”

“மாமாவுக்கு என்ன பயம்” என்றான் என் மகன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். சுவர் நகரவில்லை.

மகன் கேவிக் கேவி அழுதான். எனக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது அவன் அழவில்லை. நர்ஸிடம் விசாரித்துவிட்டேன், கண்கூட ஈரமாகவில்லையாம்.

எல்லாரும் சுவர்ப் பக்கம் ஓடியிருந்த நேரத்தில் கோட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தேன். அளவு சரியாக இருக்க வேண்டுமே. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. விபத்து என்று முடித்துவிட்டார்கள். பிறகு எதற்கு நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். மனசாட்சி, ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றுதான் தடத்து மேலாளர் சொன்னார், அந்த வளைவில் ஒரு பலகை நடப் போகிறார்களாம். ‘டாக்டர் வளைவு’ என்று பெயர். அவ்வளவு தள்ளிப் போய் மிதிக்க அவர் ஒருவருக்குத்தான் துணிச்சல் வந்தது என்று ஊரே பேசுகிறது. திறந்து வைக்கப் போவது என் மகன்.

கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பலகை நடுவதற்குள் யாராவது அவனிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தை முதலில் குறித்தது அவன் மாமா இல்லை, அவன் அப்பா.