ஆளுக்கு ஒரு அமுக்கு

...கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கினது திரும்ப எலுமிச்சங்காயாட்டம் வந்து நின்னுச்சுன்னா, அது டாக்டர் போட்ட ஊசியில கோளாறா, என் கழுத்துல கோளாறா? நீங்களே சொல்லுங்கக்கா! நீங்களும் ஸ்கேனுக்குத்தானே? உக்காருங்க, உக்காருங்க. பைய நான் மடியில வச்சிக்கறேன்.

தைராய்டுக் கட்டிதான். ஆனா அபூர்வமான கட்டியாம். "பயப்படாதம்மா, புத்துநோய் இல்ல. இந்த மாதிரி நானே இப்பத்தான் ரெண்டாவதாப் பாக்கறேன்"ங்கறாரு டாக்டர், என்னமோ எனக்குப் பரிசு விழுந்த மாதிரி! கத்தியே வேணாமாம். ஊசியால உள்ள இருந்த தண்ணிய உறிஞ்சிட்டு மருந்து ஏத்தி விட்டாரு. தானாச் சுருங்கிடுமாம். அடங்கலேன்னாத்தான் ஆபரேஷன். அதுல சில பேருக்குக் குரல் கம்மிப் போயிடுமாம். அதச் சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாக்கணுமே... சிரிப்ப அடக்க முடியாம செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு மனுஷன்!

நீங்களும் சிரிக்காதீங்கக்கா. என் குரல் போச்சுன்னா அந்த வீட்ல ஒரு வேல ஓடாது. பெரியவன் நான் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினாத்தான் பல்லு வெளக்குவான். சின்னவ நான் பாடலேன்னா கண்ண மூட மாட்டா. அவங்கப்பா பாடினா, தூங்கற புள்ளயும் எந்திரிச்சு உக்காந்துக்குது!

எங்க விட்டேன்? ஆங், கட்டி. நல்லாத்தான் சுருங்குச்சு. அந்தச் சந்தோஷத்துல நாத்தனாரக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்கண்ணி"ன்னேன். அவங்க ஒரு அமுக்கு. மாமியாரு, கடையில பழம் பொறுக்கற மாதிரி ரெண்டு வெரலால ஒரு அமுக்கு. நான் பட்டன் தைக்கற கம்பெனியில, அந்த வரிசை பூரா ஆளுக்கு ஒரு அமுக்கு. சூப்பர்வைசரம்மா கூட கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்துட்டாங்க! நானும்தான்... பால் பொங்கற வரைக்கும் ஒரு அமுக்கு, பஸ்ஸு வர்ற வரைக்கும் ஒரு அமுக்கு. கொறஞ்சிருக்கான்னு பாக்க வேணாமா?

போன வாரம் வீங்கிப்போய் வந்து நின்னா, "உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"ன்னு அந்தத் திட்டுத் திட்டறாரு.

சொன்னாருக்கா. நல்லா வெளக்கமாத்தான் சொன்னாரு.

இன்னைக்கு ஸ்கேன்ல வத்தியிருந்தா கத்தி கெடையாது. வத்தலேன்னா...

எதுக்குக்கா கையப் புடிக்கறீங்க?

ஐயையோ! இப்பவும் அமுக்கிக்கிட்டா இருந்தேன்?

இல்ல... விடாதீங்க. என்னய உள்ள கூப்பிடற வரைக்கும் அப்படியே புடிச்சுக்கங்கக்கா.