நாற்பத்தொன்றாம் பக்கம்

அட்டைப்பெட்டி கட்டுவதில் எங்கள் நகராட்சியில் என்னை மிஞ்ச ஆளில்லை. இருபத்தெட்டு வருடத்தில் பதினோரு இடமாற்றம். வரி, நூலகம், நீச்சல் குளம், மயானப் பதிவு என்று சுற்றிச் சாக்கடைக்கு வந்து சேர்ந்தேன். மார்ச் இறுதியில் இடமாற்றப் பட்டியல் வரும். ஒரு வாரத்தில் மூட்டையைக் கட்ட வேண்டும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நானும் சுளிக்கவில்லை. நாற்பது வயதில் முடி கொட்டியது, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாததா, ஐயா. நெகிஷி இறந்த இந்த வழக்கில் நீங்கள் மூன்றாவது விசாரணை அதிகாரி. முந்தைய இருவரும் நல்லவர்கள். விசாரணை சூடு பிடிக்கும் நேரத்தில் மாற்றலாகிப் போனார்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய கழிவுநீர் உந்து நிலையத்தில் ஆறு வருடம் இருந்தேன். என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும் நினைவூட்டவில்லை. அங்கேயும் மாற்றம் வராமல் இல்லை. பிரிவின் பெயர் மூன்று முறை மாறியது. கடைசிப் பெயர் ‘நீர்ச்சூழல் படைப்புப் பிரிவு’. இருவர் பார்த்த வேலையை ஒருவருக்கு ஆக்கினார்கள். விஷவாயுவை அளக்கும் கைக்கருவியை வாங்கிக்கொண்டு தட்டுக்கணினி கொடுத்தார்கள். ஆனால் பம்புகள் அதே பம்புகள். எது எப்போது இருமும் என்று எனக்குத் தெரியும். மனைவியைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியாது, அவளே ஒப்புக்கொள்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன் பட்டியலில் என் பெயர் வந்தது. மறுபடியும் நீச்சல் குளம், நுழைவுச்சீட்டு ஜன்னல்.

என் இடத்துக்கு வந்தவர் நெகிஷி. முப்பத்தொன்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். சுற்றுலாப் பிரிவில் இருந்தவர். குளிர்கால நண்டுத் திருவிழாவில் நண்டு வேஷம் கட்டி ஆடுவார்.

“நேத்து வரைக்கும் நண்டு, இன்னைக்குச் சாக்கடை. நண்டுக்கு இது பதவி உயர்வுதானே, தொகாஷி-சான்?” என்று என்னிடம் கேட்டார்.

சிரித்தேன். அவரைப் பிடிக்காமல் செய்ததல்ல இது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுப்பை ஒப்படைக்க ஒரே ஒரு காலைப்பொழுதுதான் தருவார்கள். மற்றதெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் இருக்க வேண்டும். என்னுடையது தாளுக்கு ஒரு பக்கமாக அறுபத்துமூன்று பக்கம். எந்தக் குழாய் குளிரில் உறையும், வாசல் பூனைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் இருக்கும். நாற்பத்தொன்றாம் பக்கம், கழிவுநீர் வந்து சேரும் அடிக்குழியைப் பற்றியது. மூன்று நாள் மழை இல்லையென்றால் அங்கே விஷவாயு தேங்கும். இறங்குமுன் இருபது நிமிடம் விசிறியை ஓட்ட வேண்டும். அந்த விசிறியின் பெல்ட் நழுவிக் கிடந்தாலும் பச்சை விளக்கு எரியும். விளக்கை நம்பித் தட்டுக்கணினியும் ‘சரி’ என்று காட்டும். ஆகவே காற்று வெளியேறும் இடத்தில் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தாள் ஆடினால் இறங்கலாம். ஆடாவிட்டால் இறங்கக் கூடாது.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

காரணம் சின்னது. போன இடமெல்லாம் இப்படி ஒரு புத்தகம் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருவர்கூட ஒரு சந்தேகம் என்று போன் செய்ததில்லை. நான் அவ்வளவு தெளிவாக எழுதுவதால்தான் என்று மனைவி ஆறுதல் சொன்னாள். ஒரு பக்கம் குறைந்தால் நெகிஷியாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டதும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

நெகிஷி போன் செய்து கேட்டார். மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை.

“தொகாஷி-சான், நாற்பதுக்கு அப்புறம் நேரா நாற்பத்திரெண்டு வருதே. நடுவுல ஒண்ணு காணாமப் போச்சா?”

“வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்றேன்.

“பழகிடுச்சுங்க. மூக்குக்கும் பழகிடுச்சு. இன்னைக்கு அடிக்குழியில ஏதோ சத்தம், இறங்கிப் பாக்கணும். ஆமா, ஆறு வருஷமா இங்க என்னதான் பண்ணீங்கன்னு கேட்டா கோவிச்சுக்குவீங்களா?”

கிண்டல்தான். நண்டு வேஷம் கட்டியவர் வேறெப்படிப் பேசுவார். ஜன்னலில் ஒரு பெண்மணி காத்திருந்தார். அவருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

“எண் போடும்போது தப்பா விழுந்திருக்கும். அப்படி ஒரு பக்கமே இல்ல,” என்றேன்.

“நல்லவேளை, பயந்துட்டேன். ரொம்ப நன்றிங்க.”

அப்போது பத்து நாளாக மழை இல்லை. எனக்கு அது தெரியும். குளத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள்.

மதியம் அவரை மேலே தூக்கினார்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். பழி பெல்ட்டின் மேல் விழுந்தது. மறுநாள் காலை பிரிவுத் தலைவர் குமகாய் போன் செய்தார். “நிலையத்தை நல்லாத் தெரிஞ்ச ஆள் உங்களை விட்டா யாருமில்ல. திரும்ப வர முடியுமா?” என்றார். என் பெட்டிகளை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு வருடம் என்னை யாரும் அசைக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன். கொஞ்சம் முடிகூட முளைத்தது.

நேற்று மறுபடியும் பட்டியல் வந்தது. என் இடத்துக்கு ஒகாதா என்று ஒரு பெண்மணி வருகிறார். மகன் பள்ளிக்கூடம் போகிறானாம். புத்தகத்தை அச்சடித்துத் தைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு தாள்தான் இருந்தது. மிச்சம் ஒன்று என் சட்டைப்பையில். எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். இந்தாருங்கள், இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். நான் கொடுப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

நெகிஷியை நினைக்காமல் இல்லை. ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள், ஐயா. எப்படியும் இந்த ஏப்ரலில் அவரை அங்கிருந்து மாற்றியிருப்பார்கள்.